சுவாமி விவேகானந்தரின் ஜப்பான் பயணம்

சுவாமி விவேகானந்தர் (ஜனவரி 12, 1863 - ஜூலை 4, 1902) இந்தியத் துறவி, வேதாந்தச் சிந்தனையாளர், இராமகிருஷ்ண இயக்கத்தின் நிறுவனர் ஆவார். 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற உலகச் சமயப் பேரவையில் ஆற்றிய உரையால் உலகப் புகழ் பெற்றார். பேரவைக்குச் செல்லும் வழியில் அவர் கிழக்குத் திசையாகக் கப்பலில் பயணம் செய்து நாகசாகி, கோபே, யோகோகாமா ஆகிய ஜப்பானியத் துறைமுக நகரங்களையும், உள்நாட்டில் ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ ஆகிய நகரங்களையும் பார்வையிட்டார். மேலைநாட்டை நேரில் காணும் முன்பே, தன் முயற்சியால் முன்னேறிவரும் ஓர் ஆசிய நாட்டை அவர் கண்டார். அக்காட்சி அவருடைய பிற்காலச் சிந்தனையில் நிலையான இடம் பெற்றது. ஜப்பானைப் பற்றிய அவருடைய முதன்மையான பதிவு சென்னை இளைஞர்களுக்கு எழுதிய கடிதமாகும். எனவே இப்பயணம் தமிழகத்தோடும் நெருங்கிய தொடர்புடையது.

இளமையும் துறவும்

விவேகானந்தர் கல்கத்தாவில் சிம்லா பகுதியில் வழக்கறிஞர் விசுவநாத தத்தருக்கும் புவனேசுவரி தேவிக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நரேந்திரநாதர். மாநிலக் கல்லூரியிலும் பின்னர் ஜெனரல் அசெம்பிளி கல்விநிலையத்திலும் பயின்று 1884இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே தட்சிணேசுவரத்தில் வாழ்ந்த இராமகிருஷ்ண பரமஹம்சரைச் சந்தித்து அவருடைய சீடரானார். 1886 ஆகஸ்ட் 16இல் குரு மறைந்த பின்னர், ஏனைய இளம் சீடர்களுடன் வராகநகரில் மடம் அமைத்துத் துறவு வாழ்க்கையை மேற்கொண்டார்.

1888 முதல் இந்தியா முழுவதும் பயணம் செய்தார். அரண்மனைகளிலும் ஏழைக் குடிசைகளிலும் தங்கினார். மக்களின் வறுமையும் கல்வியின்மையும் அவரை ஆழமாகப் பாதித்தன. 1892 டிசம்பர் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்து, கடலில் உள்ள பாறையில் தியானம் செய்தார். மேலைநாடு சென்று இந்தியாவின் ஆன்மிகச் செல்வத்தை அங்கே வழங்கி, அதற்கு ஈடாக இந்திய ஏழைகளுக்குத் தேவையான பொருளுதவியையும் தொழிலறிவையும் பெற்றுவர வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றதாக அவருடைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

சென்னை இளைஞர்களும் பயண ஏற்பாடும்

கன்னியாகுமரியிலிருந்து இராமநாதபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னை வந்த விவேகானந்தர், சாந்தோமில் மன்மதநாத பட்டாச்சாரியாரின் இல்லத்தில் தங்கினார். அங்கே அவரைச் சுற்றி ஓர் இளைஞர் குழு உருவானது. அக்குழுவில் முதன்மையானவர் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாள் (1865 - 1909). பச்சையப்பன் கல்வி நிறுவனத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், வீடு வீடாகச் சென்று பயணச் செலவுக்குப் பணம் திரட்டினார். பெருஞ்செல்வர்களைவிட நடுத்தரக் குடும்பத்தினரிடமே இவர் மிகுதியாக உதவி பெற்றார். மக்களுக்காகச் செல்வதால் மக்களின் பணத்திலேயே செல்லவேண்டும் என்பது விவேகானந்தரின் விருப்பமாக இருந்தது.

பயணத்திற்கு முன் விவேகானந்தர், தம் சீடரான கேத்ரி மன்னர் அஜித் சிங்கின் அழைப்பை ஏற்று இராஜபுத்தனம் சென்றார். விவேகானந்தர் என்ற பெயரை நிலையாக ஏற்றது அம்மன்னரின் வேண்டுகோளினால்தான் எனக் கூறப்படுகிறது. முதல் வகுப்புப் பயணச்சீட்டுக்கும் பட்டு அங்கி, தலைப்பாகை முதலியவற்றுக்கும் மன்னர் ஏற்பாடு செய்தார். அளசிங்கப் பெருமாள் சென்னையிலிருந்து பம்பாய் வரை சென்று அவரை வழியனுப்பினார்.

அக்காலத்தில் உயர்சாதி இந்துக்கள் கடல் கடந்து செல்வது சாதி விலக்குக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது. பயணத்தை ஏற்பாடு செய்தவர்களுள் பலர் வைதிகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எனவே இம்முயற்சி அவர்களுக்குச் சமூக அடிப்படையிலும் துணிவான செயலாக இருந்தது.

கீழைக் கடல் வழி

1893 மே 31இல் விவேகானந்தர் பி அண்ட் ஓ நிறுவனத்தின் பெனின்சுலார் என்ற கப்பலில் பம்பாயிலிருந்து புறப்பட்டார். பெட்டி படுக்கைகள் எதுவுமின்றிச் சுற்றித் திரிந்த துறவிக்கு, கப்பலில் தம் உடைமைகளைக் கவனித்துக்கொள்வதே பெருந்தொல்லையாக இருந்தது. இதை அவர் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார்.

கப்பல் கொழும்பில் ஏறத்தாழ ஒரு பகல் நின்றது. அந்நேரத்தில் நகரைச் சுற்றிப் பார்த்து, சயனக் கோலத்தில் பெரிய புத்தர் சிலை உள்ள ஒரு கோயிலுக்குச் சென்றார். அடுத்துப் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களைக் கண்டார். வழியில் சுமாத்திராவின் உயர்ந்த மலைகளைத் தொலைவிலிருந்து பார்த்தார். சிங்கப்பூரில் பனை வகைகள் நிறைந்த தாவரவியல் தோட்டத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்வையிட்டார்.

ஆங்காங்கில் கப்பல் மூன்று நாட்கள் நின்றது. அந்த இடைவெளியில் ஆற்று வழியாகக் காண்டன் (இன்றைய குவாங்சௌ) நகருக்குச் சென்றுவந்தார். அங்கே வெளிநாட்டவருக்கு அனுமதியில்லாத ஒரு புத்த மடத்தைக் காண விரும்பினார். மடத்தினர் சிலர் தடிகளுடன் விரட்ட வந்தனர். வந்திருப்பவர் இந்திய யோகி என்று தெரிந்ததும் அவர்கள் பணிந்து வணங்கித் தாயத்து தருமாறு வேண்டினர். இந்தியா என்ற பெயருக்குக் கீழை நாடுகளில் இருந்த மதிப்பை அவர் நேரில் உணர்ந்த முதல் நிகழ்ச்சி இதுவெனலாம்.

ஜப்பானின் துறைமுக நகரங்கள்

நாகசாகி

ஜப்பானில் அவர் இறங்கிய முதல் துறைமுகம் நாகசாகி. ஜப்பான் வெளியுலகுக்குத் தன் கதவுகளை ஏறத்தாழ முழுமையாக அடைத்திருந்த காலத்தில் மேலைநாட்டு வணிகத்துக்குத் திறந்திருந்த இடம் இதுவே. 1641 முதல் இங்குள்ள தெசிமா என்ற சிறு தீவில் ஒல்லாந்து வணிகர்கள் மட்டும் தங்க அனுமதிக்கப்பட்டனர். 1859இல் பிற நாட்டினருக்கும் துறைமுகம் திறக்கப்பட்டது.

கப்பல் சில மணி நேரமே நின்றதால் விவேகானந்தர் வண்டியில் நகரைச் சுற்றிப் பார்த்தார். அகன்று நேராக அமைந்த தெருக்களும், கூண்டு போன்ற சிறிய வீடுகளும், ஊர்களின் பின்னணியில் ஊசியிலை மரங்கள் அடர்ந்த பசுங்குன்றுகளும் அவரைக் கவர்ந்தன. வீட்டின் பின்புறம் புல்வெளி, குறுஞ்செடிகள், செயற்கை நீர்நிலை, சிறு கற்பாலம் ஆகியவற்றுடன் தோட்டம் அமைக்கும் வழக்கத்தை அவர் விரிவாகக் குறித்துள்ளார். மக்களின் தூய்மையே அவரை மிகவும் வியக்கவைத்தது. சில நாட்களுக்கு முன் கண்ட சீனத் துறைமுகங்களின் நெரிசலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் சுட்டிக்காட்டினார்.

கோபே

நாகசாகியிலிருந்து கப்பல் கோபேயை அடைந்தது. 1868இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட இத்துறைமுகம், அருகிலுள்ள ஒசாகாவின் தொழில் வளர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்தது. விவேகானந்தர் இங்கே கப்பலை விட்டு இறங்கி, யோகோகாமா வரை தரைவழியாகச் செல்ல முடிவு செய்தார். நாட்டின் உட்பகுதியைக் காண்பதே அவருடைய நோக்கம்.

அக்காலத்தில் இது எளிய செயலன்று. மேலை நாடுகளுடன் ஜப்பான் செய்திருந்த உடன்படிக்கைகளின்படி வெளிநாட்டவர் துறைமுகக் குடியிருப்புகளில் மட்டுமே தங்கலாம். உள்நாட்டில் பயணம் செய்யக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. இந்நிலை 1899இல் உடன்படிக்கைகள் திருத்தப்பட்ட பின்னரே மாறியது. டோக்கியோவையும் கோபேயையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை 1889இல் முழுமையடைந்திருந்தது.

ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ

உட்பகுதியில் மூன்று பெருநகரங்களை விவேகானந்தர் பார்வையிட்டார். ஒசாகாவைத் தொழில் நகரம் என்றும், கியோட்டோவைப் பழைய தலைநகரம் என்றும், டோக்கியோவைப் புதிய தலைநகரம் என்றும் குறிப்பிட்டுள்ளார். டோக்கியோ பரப்பிலும் மக்கள்தொகையிலும் கல்கத்தாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என மதிப்பிட்டார்.

1868இல் மெய்ஜி ஆட்சி நிறுவப்பட்டு 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் ஜப்பான் அரசியலமைப்பு, நாடாளுமன்றம், கட்டாயக் கல்வி, தொடர்வண்டி, புதிய படை ஆகியவற்றைப் பெற்றிருந்தது. ஜப்பானிய அதிகாரி ஒருவர் கண்டறிந்த துப்பாக்கியைத் தாங்கிய ஒழுங்கான தரைப்படை, வளர்ந்துவரும் கடற்படை, ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் குடைந்த ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கப்பாதை ஆகியவற்றை விவேகானந்தர் தனியே குறித்துக்கொண்டார். தீப்பெட்டித் தொழிற்சாலைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. தமக்குத் தேவையான அனைத்தையும் தம் நாட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்ற மக்களின் உறுதியே இவற்றுக்கெல்லாம் அடிப்படை என்று அவர் கருதினார்.

கோயில்களில் கண்ட எழுத்துகள்

விவேகானந்தர் பல கோயில்களுக்குச் சென்றார். அங்கே சமஸ்கிருத மந்திரங்கள் பழைய வங்க எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தார். இவை சித்தம் எனப்படும் எழுத்துகளாகும். குப்தர் கால எழுத்திலிருந்து தோன்றிய இவ்வெழுத்து சீனா வழியாக ஜப்பானை அடைந்தது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனா சென்று திரும்பிய கூகாய் என்ற துறவி இதை ஜப்பானில் பரப்பியவர்களுள் முதன்மையானவர். வங்க எழுத்தும் குப்தர் கால எழுத்தின் கிழக்குக் கிளையிலிருந்து வளர்ந்ததால் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. வங்கத்தில் பிறந்த விவேகானந்தரால் அவற்றை அடையாளம் காண முடிந்ததற்கு இதுவே காரணம். எழுத்துகள் வழிபாட்டில் நிலைத்திருந்தாலும் சமஸ்கிருதம் அறிந்த பிக்குகள் மிகச் சிலரே இருந்தனர் என்றும், முன்னேற்ற வேட்கை பிக்குகளிடமும் பரவியிருந்தது என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

யோகோகாமா

பயணத்தின் கடைசி ஜப்பானிய நகரம் யோகோகாமா. 1859 வரை சிறிய மீன்பிடி ஊராக இருந்த இது, துறைமுகமாகத் திறக்கப்பட்ட பின் பட்டு ஏற்றுமதியால் விரைவாக வளர்ந்தது. ஜப்பானின் முதல் தொடர்வண்டிப் பாதை 1872இல் இந்நகருக்கும் டோக்கியோவின் சிம்பாசிக்கும் இடையே அமைக்கப்பட்டது. விவேகானந்தர் இங்கே ஓரியண்டல் விடுதியில் தங்கினார். ஜூலை 10 அன்று அங்கிருந்து அளசிங்கப் பெருமாளுக்கும் ஏனைய சென்னை நண்பர்களுக்கும் நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார்.

யோகோகாமா கடிதம்

இக்கடிதத்தின் முதற்பகுதி பயணக் குறிப்பாகும். மேலே கூறப்பட்ட செய்திகளுள் பெரும்பாலானவை இதிலிருந்தே அறியப்படுகின்றன. ஜப்பானியக் கப்பல் நிறுவனம் ஒன்று விரைவில் பம்பாய்க்கும் யோகோகாமாவுக்கும் இடையே கப்பல் விடவிருக்கும் செய்தியையும் அவர் இதில் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் நிப்பான் யூசென் கைசா நிறுவனம் பம்பாய்க்கான சேவையைத் தொடங்கியது.

கடிதத்தின் பிற்பகுதி கடுமையான தொனியில் அமைந்தது. ஜப்பானில் கண்டதை அளவுகோலாகக் கொண்டு இந்தியப் படித்த வகுப்பினரை அவர் கண்டித்தார். தீண்டத்தக்க உணவு எது, தகாதது எது என்று நூற்றாண்டுகளாக விவாதிப்பதையும், கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று அஞ்சுவதையும், எழுத்தர் வேலையே வாழ்வின் குறிக்கோள் எனக் கருதுவதையும் இடித்துரைத்தார். ஆண்டுதோறும் பல இளைஞர்கள் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் சென்றுவர வேண்டும் என்பதை முதன்மையாக வலியுறுத்தினார். ஏழைகளுக்கு உணவும் பாமரர்க்குக் கல்வியும் வழங்கத் தன்னலமற்ற எத்தனை பேரைச் சென்னை தரப்போகிறது என்ற கேள்வியையும் எழுப்பினார்.

இந்தியாவை உயர்ந்தவை அனைத்தின் கனவுலகமாக ஜப்பானியர் கருதுவதை உணர்ந்த அதே வேளையில், அக்கனவுக்கும் இந்தியாவின் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளியை அவர் உணர்ந்ததே இக்கடுமைக்குக் காரணமாகும். கடிதத்தைப் பெற்றவர்கள் அவருடைய எதிரிகளல்லர். கடற்பயணத் தடையை மீறி அவரை அனுப்பிவைத்தவர்களே. எனவே இதனைக் கண்டனம் என்பதைவிட, பணி ஏற்க விடுத்த அழைப்பு எனக் கொள்வதே பொருந்தும்.

டாட்டாவுடன் சந்திப்பு

ஜூலை 14இல் விவேகானந்தர் எம்பிரஸ் ஆஃப் இந்தியா என்ற கப்பலில் யோகோகாமாவிலிருந்து கனடாவின் வான்கூவருக்குப் புறப்பட்டார். தொழிலதிபர் ஜெம்ஷெட்ஜி டாட்டாவும் அப்பயணத்தில் உடனிருந்தார். பி அண்ட் ஓ நிறுவனம் பருத்தி நூலுக்கு விதித்த உயர்ந்த சரக்குக் கட்டணத்தை எதிர்த்து, ஜப்பானிய நிறுவனத்துடன் இணைந்து கப்பல் சேவை தொடங்குவதில் டாட்டா அக்காலத்தில் ஈடுபட்டிருந்தார். ஜப்பானிலிருந்து தீப்பெட்டிகளை இறக்குமதி செய்வதைவிட இந்தியாவிலேயே அவற்றைச் செய்யத் தொழிற்சாலை அமைக்கலாம் என்று விவேகானந்தர் டாட்டாவிடம் கூறியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது.

1898 நவம்பர் 23 அன்று டாட்டா எழுதிய கடிதம் இச்சந்திப்புக்கு உறுதியான சான்றாகும். ஜப்பானிலிருந்து சிகாகோ செல்லும் வழியில் உடன் பயணம் செய்ததை நினைவூட்டி, தாம் நிறுவ எண்ணியிருந்த ஆராய்ச்சி நிலையத்திற்கு ஆதரவு தருமாறு அதில் அவர் வேண்டினார். துறவு மனப்பான்மையை அறிவியல் பணிக்குத் திருப்புவது பற்றி விவேகானந்தர் முன்பு கூறிய கருத்தையும் குறிப்பிட்டார். அந்த ஆராய்ச்சி நிலையமே இருவரின் மறைவுக்குப் பின் 1909இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் ஆகும்.

சிகாகோவும் தமிழகம் திரும்புதலும்

வடபசிபிக் கடலின் குளிருக்கு ஏற்ற கம்பளி உடைகள் இல்லாமல் விவேகானந்தர் கப்பலில் துன்புற்றார். ஜூலை 25இல் வான்கூவரை அடைந்து, தொடர்வண்டியில் ஜூலை இறுதியில் சிகாகோ சேர்ந்தார். பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், அறிமுகச் சான்று தேவை என்பதும் அங்கே தெரியவந்தன. கையிலிருந்த பணம் கரைந்த நிலையில் பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அளித்த அறிமுகக் கடிதத்தின் உதவியால் செப்டம்பர் 11இல் பேரவையில் கலந்துகொண்டார். ஜப்பானிலிருந்து ஷாக்கு சோயென் உள்ளிட்ட பௌத்தப் பிரதிநிதிகளும் அதே பேரவையில் பங்கேற்றனர்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய பின் 1897 ஜனவரி 15இல் கொழும்பு வந்தார். ஜனவரி 26இல் பாம்பனில் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் வழியாகப் பிப்ரவரி 6இல் சென்னையை அடைந்தார். அங்கே தி இந்து நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் ஜப்பானைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தார். தன்னம்பிக்கையும் நாட்டுப்பற்றுமே ஜப்பானின் உயர்வுக்குக் காரணம் என்றும், இந்திய இளைஞர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்நாட்டைக் காண வேண்டும் என்றும் அவர் கருத்துத் தெரிவித்தார். திருமணமாகாத பட்டதாரிகளை ஜப்பானுக்கு அனுப்பித் தொழிற்கல்வி பெறச் செய்யும் விருப்பத்தையும் பிற்கால உரையாடல் ஒன்றில் வெளியிட்டார்.

1899 ஜூனில் இரண்டாம் முறை மேலைநாடு சென்றபோது, கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளால் அவர் சென்னையில் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அளசிங்கப் பெருமாள் பயணச்சீட்டு பெற்றுக் கப்பலில் ஏறி, கொழும்பு வரை உடன் சென்று அவருடன் உரையாடினார்.

ஒக்ககுராவின் அழைப்பும் மறைவும்

ஜப்பானியக் கலை அறிஞர் ஒக்ககுரா ககுசோ 1902 ஜனவரி தொடக்கத்தில் கல்கத்தா வந்து விவேகானந்தரைச் சந்தித்தார். ஜப்பானில் நடத்தத் திட்டமிட்டிருந்த சமய மாநாட்டுக்கு அவரை அழைத்துச் செல்வது ஒக்ககுராவின் நோக்கங்களுள் ஒன்று. இருவரும் புத்தகயா சென்றனர். ஆனால் நீரிழிவு உள்ளிட்ட நோய்களால் நலிந்திருந்த விவேகானந்தரால் இரண்டாம் முறை ஜப்பான் செல்ல இயலவில்லை. 1902 ஜூலை 4இல் பேலூர் மடத்தில் தமது 39ஆம் வயதில் மறைந்தார். ஒக்ககுராவின் கீழை நாடுகளின் இலட்சியங்கள் பற்றிய ஆங்கில நூல், விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதையின் முன்னுரையுடன் 1903இல் இலண்டனில் வெளிவந்தது.

பயணத்தின் தாக்கம்

யோகோகாமா கடிதத்தைப் பெற்ற குழுவினரின் முயற்சியால் 1895 செப்டம்பரில் பிரம்மவாதின் இதழும், 1896 ஜூலையில் பி. ஆர். ராஜமய்யரை ஆசிரியராகக் கொண்ட பிரபுத்த பாரதம் இதழும் சென்னையில் தொடங்கப்பட்டன. அவர்களின் வேண்டுகோளை ஏற்று விவேகானந்தர் 1897இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தரைச் சென்னைக்கு அனுப்பினார். இவருடன் நிகழ்ந்த உரையாடலே தம் உள்ளத்தில் சுதேசிய எண்ணத்தை விதைத்தது என்று வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார். அவர் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார்.

ஜப்பான் 1895இல் சீனாவையும் 1905இல் உருசியாவையும் போரில் வென்ற பிறகே இந்தியாவில் பலரும் அந்நாட்டைப் போற்றத் தொடங்கினர். விவேகானந்தரின் கடிதம் அவ்வெற்றிகளுக்கு முற்பட்டது. ஜப்பானின் படை வலிமை பின்னர் அண்டை நாடுகளை அடிமைப்படுத்தப் பயன்பட்டதைக் காண அவர் உயிருடன் இல்லை. அவர் அந்நாட்டில் போற்றியவை தூய்மை, தன்னம்பிக்கை, கல்வி, தேவையானதைத் தாமே செய்துகொள்ளும் உறுதி ஆகியவையே.

பயணக் காலவரிசை (1893)

மே 31 - பம்பாயிலிருந்து புறப்பாடு
ஜூன் - கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஆங்காங், காண்டன். பின்னர் நாகசாகி, கோபே
கோபேயிலிருந்து தரைவழி - ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ
ஜூலை 10 - யோகோகாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம்
ஜூலை 14 - யோகோகாமாவிலிருந்து புறப்பாடு
ஜூலை 25 - வான்கூவர்
ஜூலை இறுதி - சிகாகோ
செப்டம்பர் 11 - உலகச் சமயப் பேரவை தொடக்கம்